விட்டு விட்டுப் பாடும் புளூடூத் ஸ்பீக்கர்: கோத்தகிரி வீடுகளில் பழகிய வைத்தியம்

எங்கள் தெருவில் லேப்டாப் சம்பந்தமாக என்ன கோளாறு என்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அது என் தொழில் இல்லை என்று சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. இப்போது வருவதில் பாதி ஸ்பீக்கர் புகார்தான். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரை மேல் மழை இறங்க ஆரம்பித்தால் லேப்டாப்போடு வரும் ஸ்பீக்கர் கொசு முனகுவது போலத்தான் கேட்கும், உடனே ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கரை ஆன்லைனில் வரவழைத்து விடுகிறார்கள், பத்து நாளில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்கள். "தம்பி, இது டூப்ளிகேட்டா? வேற வாங்கிரட்டுமா?"

பெரும்பாலும் வேண்டியதில்லை. எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பீக்கரை லேப்டாப்பிலிருந்து துண்டித்து உங்கள் போனோடு இணைத்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாட்டு ஓட விடுங்கள். அங்கே ஒழுங்காகப் பாடினால் ஸ்பீக்கர் நிரபராதி, குற்றம் லேப்டாப்பிலோ வீட்டிலோ இருக்கிறது. போனிலும் அதே தகராறு என்றால் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பும் வேலையைப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கி, அதுவும் அதே மாதிரி விக்கி விக்கிப் பாடியதை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி அறிகுறி வாரியாகப் போவோம்.

பெயரே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் இணைய மறுக்கிறது

பத்துக்கு எட்டு முறை வீட்டில் வேறு யாரோ ஒருவரின் போன் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்பீக்கரை ஆன் செய்ததும் அது கடைசியாகப் பழகிய போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், பையனுடைய போன் அடுத்த அறையில் இருந்தால் போதும், லேப்டாப்புக்கு இடம் கிடைக்காது. எல்லாப் போன்களிலும் புளூடூத்தை அணைத்துவிட்டு முயலுங்கள். அப்புறம், ஆன் செய்வது வேறு, இணைக்கத் தயாராக வைப்பது வேறு. புளூடூத் குறி போட்ட பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து விளக்கு வேகமாகச் சிமிட்டினால்தான் புதிய ஆளை அது ஏற்கும். முன்பு இணைந்திருந்து இப்போது முரண்டு பிடிக்கிறது என்றால் லேப்டாப்பின் பட்டியலிலிருந்து அந்தப் பெயரையே நீக்கிவிட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, புதிதாகச் சேருங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் சத்தம் லேப்டாப்பிலிருந்தே வருகிறது என்றால் அது கோளாறே இல்லை. கீழ் மூலையில் ஒலிக் குறியை அழுத்தி, வெளியீடாக ஸ்பீக்கரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

பாட்டு நன்றாக இருக்கிறது, மீட்டிங் ஆரம்பித்ததும் குரல் பழைய டிரங்க் கால் மாதிரி ஆகிவிடுகிறது

இதற்குத்தான் அதிகம் திட்டு விழுகிறது, இதில்தான் ஸ்பீக்கர் மேல் தப்பே இல்லை.

புளூடூத்தில் ஒலி போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாட்டு கேட்பதற்கானது: ஏ2டிபி என்பார்கள், இரண்டு காதுக்கும் தனித்தனியாக நல்ல தரத்தில் ஒலி வரும், ஆனால் ஒருவழிப் பாதை. இன்னொன்று போன் பேசுவதற்கானது: ஸ்பீக்கரில் இருக்கும் மைக்கும் வேலை செய்யும், ஆனால் அந்தக் குறுகிய பாதையில் இருபுறமும் ஆள் போக வேண்டும் என்பதால் ஒலியைச் சுருக்கி விடுவார்கள். ஒற்றைத் தடம், நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் (ஒலியை அத்தனை முறை அளந்து அனுப்புவது), அவ்வளவுதான். பாட்டுக்கு அது 44,100. மீட்டிங் செயலி மைக்கைக் கேட்டதும், உங்கள் ஸ்பீக்கரில் மைக் இருப்பதைப் பார்த்து லேப்டாப் அதையே எடுத்துக்கொள்கிறது, உடனே மொத்த ஒலியும் இரண்டாவது பாதைக்கு இறங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது: மீட்டிங் செயலியின் ஒலி அமைப்புக்குப் போய் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக புளூடூத் ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் ஒரே ஸ்பீக்கர் இரண்டு பெயரில் தெரியும், ஒன்றில் ஸ்டீரியோ என்றும் மற்றதில் ஹேண்ட்ஸ் ஃப்ரீ என்றும் இருக்கும், ஸ்டீரியோவை எடுங்கள். அப்படியும் திரும்பத் திரும்பக் கீழே இறங்கினால் கண்ட்ரோல் பேனலில் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் போய், ஸ்பீக்கர் மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், சர்வீசஸ். அங்கே ஹேண்ட்ஸ் ஃப்ரீ டெலிபோனி என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கரின் மைக் லேப்டாப்புக்கு இனி இல்லை, ஒலி இறங்கவும் வழியில்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம், கால் வந்தால் மற்ற ஒலிகளெல்லாம் பம்முவது. விண்டோஸ் தானாகவே மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்து வைக்கும் பழக்கம் உள்ளது. சவுண்ட் அமைப்பில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாளில் 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள்.

இதனால்தான், கடையில் "இதுல கால் கூட பேசலாம் சார்" என்று மைக் உள்ள ஸ்பீக்கருக்கு இருநூறு முந்நூறு கூடுதலாகக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். லேப்டாப்புக்கு அது வரமல்ல, வில்லங்கம்.

விட்டு விட்டு வருகிறது

இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும். ஏனென்றால் விட்டு விட்டு வருவது என்பது ஒரு நோய் அல்ல, எப்போது விடுகிறது என்பதில்தான் விஷயம்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைப் பட்டையில். அதை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு நொடிக்கு 1,600 முறை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எந்தப் பாதையில் நெரிசலோ அதை ஒதுக்கிவிட்டு மற்றதில் போகும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அதே பட்டையில் பழைய வகை வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அங்கேதான் கசிகிறது. ஒதுங்க இடமே இல்லாமல் போனால் பாட்டு விக்கும்.

அடுத்த அறைக்குப் போனதும் விடுகிறதா? சுவர்தான். சமவெளியில் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா கேட்கும் ஸ்பீக்கர் இங்கே பழைய வீடுகளின் ஒன்றரை அடிக் கருங்கல் சுவரைத் தாண்டாது. பெட்டியில் பத்து மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. அதுவும் மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்து நிற்கும்போது இன்னும் மோசம், தண்ணீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கூடத்தில் லேப்டாப்பை வைத்து அடுக்களையில் ஸ்பீக்கரை வைத்திருந்தார், பங்குனியில் நன்றாக ஓடியது கார்த்திகையில் ஓடவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஸ்பீக்கரைக் கதவு நிலைக்கு நேராக நகர்த்தி வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே அறையில் வையுங்கள். முடியாவிட்டால் ஒன்றையொன்று பார்க்கும்படியாவது வையுங்கள். நடுவில் நீங்கள் நிற்காதீர்கள், உங்கள் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

கரண்ட் போனால் மட்டும் விடுகிறதா? இது மலைக்கே உரிய ஒன்று, கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அரை நாள் கரண்ட் கிடையாது, அது உங்களுக்குத் தெரியும். அப்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க புளூடூத்தை அவ்வப்போது தூங்க வைக்கப் பார்க்கும். இன்னொரு பக்கம் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடுவதால் நீங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறீர்கள், அது பல போன்களில் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் கிளம்பும், போனையும் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருப்பதால் ஒரே வாயால் இரண்டு பேரிடம் மாறி மாறிப் பேச வேண்டிய நிலை.

முதலாவதற்கு: டிவைஸ் மேனேஜரில் புளூடூத்தின் கீழ் உள்ள அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாளில், மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். இரண்டாவதற்கு: ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது போனை சார்ஜ் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து யுஎஸ்பி டெதரிங் (ஒயர் வழியே போனின் நெட்டைக் கொடுப்பது) போடுங்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, வைஃபையே தேவைப்படாது. என் வீட்டில் அதற்குப் பிறகு கரண்ட் இல்லாத நாளில்தான் பாட்டு ரொம்பச் சுத்தமாக வருகிறது என்று வீட்டுக்காரம்மா கிண்டல் செய்கிறார்.

ஹார்ட் டிஸ்கைச் செருகினால் விடுகிறதா? யுஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், இது நன்கு அறியப்பட்ட தொல்லை. டிஸ்கை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப்புக்குத் தனியாக புளூடூத் டாங்கிள் (யுஎஸ்பி ஓட்டையில் செருகும் சின்னத் துண்டு) போட்டிருந்தால் அதை ஒரு சிறிய நீட்டிப்பு ஒயரில் மாட்டி ஒரு சாண் தள்ளி வையுங்கள், அந்த ஒரு சாணே போதும்.

மற்றபடி எப்போதும் விடுகிறது, ஆனால் போனில் விடவில்லை என்றால் லேப்டாப் தயாரித்தவர் தளத்திலிருந்து புளூடூத், வைஃபை டிரைவர் இரண்டையும் புதுப்பியுங்கள். வீட்டு வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாக இருந்தால் லேப்டாப்பை அதில் போடுங்கள்.

உதடு முன்னால் போகிறது, பேச்சு பின்னால் வருகிறது

புளூடூத் ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்பி, அங்கே கொஞ்சம் சேர்த்து வைத்துப் பிரிக்கிறது. அதற்கு ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிவினாடி ஆகும். யூடியூப் போன்றவை இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துப் படத்தைச் சற்று நிறுத்திக் காட்டும் என்பதால் அங்கே பெரும்பாலும் தெரியாது. டவுன்லோட் செய்த படத்தில் தெரிந்தால் விஎல்சியில் 'ஜே' விசையைத் தட்டுங்கள், தட்டுக்கு 50 மில்லிவினாடி ஒலி முன்னால் வரும், நான்கைந்து தட்டில் உதட்டோடு சேர்ந்துவிடும். அதிகமாகிவிட்டால் 'கே'.

விளையாட்டுக்கும் லேப்டாப்பில் கீபோர்டு வாசிப்பதற்கும் மருந்து கிடையாது. விரல் வைத்த பிறகு கால் நொடி கழித்து ஸ்வரம் வந்தால் யாரால் வாசிக்க முடியும்? அவர்கள் 3.5 மில்லிமீட்டர் ஒயரைச் செருகிக்கொள்ள வேண்டும். அல்லது புளூடூத் இல்லாமல் தனி யுஎஸ்பி டாங்கிளோடு வரும் ஒயர்லெஸ் ஸ்பீக்கரைத் தேட வேண்டும், அதில் தாமதம் குறைவு.

இதோடு பிறந்தது இன்னொன்று, பேச்சின் முதல் சொல் காணாமல் போவது. சத்தமில்லாத நேரத்தில் மலிவான ஸ்பீக்கர்கள் கண்ணயர்ந்துவிடும், எழுந்திருப்பதற்குள் "வணக்கம்" போய் "க்கம்" மட்டும் கேட்கும். ஆன்லைனில் வகுப்பு கேட்கும் பிள்ளைகளுக்கு எரிச்சலான விஷயம்தான், ஆனால் ஸ்பீக்கருக்குள் எழுதி வைத்தது, நம்மால் மாற்ற முடியாது. ஒயர் போட்டால் பலவற்றில் சரியாகிவிடும்.

மழை பெய்தால் கேட்கவில்லை

முதலில் லேப்டாப்பின் ஒலியளவும் ஸ்பீக்கரின் ஒலியளவும் தனித்தனியாக இருக்கலாம், இரண்டையும் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மேல் வேண்டும் என்றால், 10 வாட் ஸ்பீக்கரை விட்டு 20 வாட் வாங்கினால் இரண்டு மடங்கு கேட்கும் என்று நினைக்காதீர்கள். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு அது கொஞ்சம் கூடியது போலத்தான். இரண்டு மடங்கு என்று காது ஒத்துக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். ஸ்பீக்கரை நான்கு அடியிலிருந்து இரண்டு அடிக்கு இழுத்து வைப்பது காசில்லாமல், வாட்டை இரட்டிப்பாக்குவதைவிட அதிக பலன் தரும், திறந்த வெளியில் அது 6 டெசிபல் வரை, அறைக்குள் சற்றுக் குறையும். பின்புறம் சுவரோ மூலையோ இருந்தால் அடிச்சத்தமும் ஏறும். பாட்டுக்கு அது நல்லது, பேச்சுக்குக் குழப்பும், ஆகவே வகுப்பு நேரத்தில் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பெட்டியில் 1000 வாட் பிஎம்பிஓ என்று எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று என்ன எண் போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரிலிருந்து பறை அதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவ்வளவு சின்னக் கூம்பால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது.

சீக்கிரம் அணைகிறது, சார்ஜ் ஏறவில்லை

புது ஸ்பீக்கர் யுஎஸ்பி சி முனையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சி முனை உள்ள ஒயரில் சில மலிவு ஸ்பீக்கர்கள் ஏறவே ஏறாது. 'எனக்குக் கரண்ட் கொடு' என்று சார்ஜருக்குச் சொல்லும் ஓரிரு சிறிய மின்தடைகளை மிச்சம் பிடிக்க விட்டுவிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகல முனை, மறுபக்கம் சி உள்ள ஒயரில் ஏறும். ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த ஒன்றை இப்படித்தான் உயிர்ப்பித்தேன்.

மார்கழி, தை உறைபனியில் லித்தியம் பேட்டரி சோம்பிப் போகும். காரிலோ திண்ணையிலோ இரவெல்லாம் விட்டதை அதிகாலையில் எடுத்தால் முழு சார்ஜ் காட்டியும் சீக்கிரம் அணைந்துவிடும், பழுது இல்லை. ஆனால் ஜில்லென்று இருப்பதை உடனே சார்ஜில் போடாதீர்கள், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது பேட்டரியைக் கெடுக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மேலே வியர்த்து நிற்கும் ஈரமும் காயட்டும், ஒரு மணி நேரம் போகட்டும். அவசரப்பட்டுக் கணப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஈரம் என்றதும் இன்னொன்று, பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், அதுவும் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்.

ஒயர் போட்டால் ம்ம்ம் என்று இரைகிறது

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் விவகாரம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இது ஸ்பீக்கருக்காக மட்டும் அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால்

மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால், பேட்டரி உள்ள கையடக்க ஸ்பீக்கரை விட, யுஎஸ்பியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு புளூடூத்தும் உள்ள இரட்டை ஸ்பீக்கரைப் பாருங்கள். பேட்டரிக்குப் போகும் காசு ஒலிக்குப் போகும், இடம் வலம் பிரிந்து கேட்கும், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும். சத்தம் கூரையைப் பிளக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்றால் கையடக்கம். அதில் ஒயர் செருகும் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும், மேலே சொன்ன கோளாறுகளில் பாதிக்கு அதுதான் கடைசிப் புகலிடம். எஃப்எம் இருந்தால் நல்லது, நெட்டும் கரண்ட்டும் இல்லாத இரவுகளில் அதுதான் பேசும், கொடைக்கானல் பக்கத்தில் இருப்பவர்கள் 100.5-ஐ வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் 5.0, 5.3 என்று புளூடூத் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம், உங்கள் லேப்டாப்பில் 4.2 இருந்தால் பேச்சு 4.2 மொழியில்தான் நடக்கும். வண்ண விளக்குகள் பேட்டரியைத் தின்பதற்கு மட்டும். பெட்டியின் பின்புறம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன் கீழே 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு குன்னூரிலோ ஊட்டியிலோ கடைக்கே போங்கள். இணைத்து, ஒரு வீடியோ, ஒரு மீட்டிங் சோதனை, ஒயரில் ஒரு பாட்டு, முழுச் சத்தத்தில் ஒரு நிமிடம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இங்கே சர்வீஸ் சென்டர் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை போக வேண்டும், போக வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்த்தால் ஸ்பீக்கர் விலையில் பாதி வந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் நாட்கள் எத்தனை என்று முதலில் பாருங்கள், பெட்டி வந்த அன்றே இதே சோதனைகளை முடியுங்கள், அட்டைப் பெட்டியைப் பரணில் போடாமல் அலமாரியில் வையுங்கள், பரணில் போட்டது பூஞ்சை பிடித்திருந்ததால் கூரியர்காரர் வாங்க மறுத்த கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது.